வாசலில் உதறிய சட்டை

என் வீட்டுக்காரிக்கு,

இது நானே எழுத்துப் பழகி என் கையால் எழுதுவது! நர்ஸம்மாவிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொள். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆனாலும் விடமாட்டேன்.

நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நான் கூரை ஷீட் ஆலைக்குப் போன காலத்தில் என் சட்டையை யார் துவைத்தது என்று கேட்டார்.

"அவதான் டாக்டர். வாசல்ல நின்னு நல்லா உதறிட்டுத்தான் தண்ணியில போடுவா" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சட்டையிலிருந்து பறந்த அந்த ஆஸ்பெஸ்டாஸ் கல்நார்த் தூசிதான் உன் நெஞ்சில் இருக்கிறதாம். எனக்கு ஓர் இருமல்கூட வந்ததில்லையே! அவர் சொன்ன மீதியை எழுத எனக்கு இன்னும் எழுத்து வரவில்லை.

வீட்டுக்கு வந்தால், மருமகள் நம் மகனின் ஆலைச் சட்டையை உதறக் கையை ஓங்கி நிற்கிறாள். ஓடிப்போய் அதைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அமுக்கினேன்.

"என்ன மாமா, இந்த வயசுல துவைக்கப் பழகுறீங்களா?"

"ஆமாம்மா. எழுத்து முடிஞ்சுது, அடுத்து இதுதான்."

இன்று மாற்றுச் சட்டையோடு ஆலை வாசலில் போய் நின்றேன். மகன் அங்கேயே குளித்து, மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்தான்.

இனி இந்த வீட்டில் நீ உதற ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்து என் கையெழுத்தைத் திட்டலாம். சீக்கிரம் வா.

உன் சட்டைக்காரன்