ஏழாவது மாடியிலிருந்து நடந்து இறங்கிய அக்காவுக்கு

என் செல்ல அக்கா ரோசலினுக்கு,

நலமா என்று கேட்கத்தான் கை போகிறது. மூச்சுத் திணறலே இல்லாத இடத்தில் நீ இருப்பதாகச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அம்மா தலையாட்டினாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

நேற்று உனக்கு முப்பதாம் நாள் பூசை. தேக்கா மார்க்கெட் பக்கத்துக் கோயிலில் வைத்தோம். உன் ஃபேக்டரிப் பெண்கள் ஒரு வரிசை முழுக்க வந்திருந்தார்கள். உன் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்கள், முடியாமல் அழுதார்கள். “என் தம்பி அமெரிக்காவுல யுனிவர்சிட்டியில ஆம்புலன்ஸ் படிக்கிறான்” என்று வேலை லைனில் நின்றுகொண்டே பீற்றிக்கொள்வாயாமே. வண்டி ஓட்டுவதற்கு யுனிவர்சிட்டியா என்று அவர்கள் கேலி செய்தால், “ஓட்ட இல்லடி, உள்ள உக்காந்து உசிரைப் பிடிச்சு வைக்க” என்பாயாம். மூச்சிழுப்பு வந்தாலும் வாய் ஓயாது உனக்கு.

உன் இழுப்பைப் பார்த்து வளர்ந்ததால்தான் நான் இந்தப் படிப்பையே எடுத்தேன். அது உனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் அக்கா அப்படிச் செய்தாய்?

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. பூசைக்குப் புடவை கட்டும்போதே உனக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருக்கிறது. வாயில் அடிக்கும் மருந்துக்கும் அடங்கவில்லை. எதிர்வீட்டு பாத்திமா அக்கா ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்துவிட்டு, உனக்கு நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறார். நம் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும், நாம் இருப்பது ஏழில். நீ நாற்காலியில் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக ஐந்தாவது மாடிக்கு இறங்கிவிட்டாய்.

ஆம்புலன்ஸில் வந்தவர்களோ லிஃப்டில் ஒன்பதுக்குப் போய், அங்கிருந்து ஏழுக்கு இறங்கினார்கள். ஸ்ட்ரெச்சரோடு மேலிருந்து இறங்கி வருவதுதான் சுலபம், நானும் அதையேதான் செய்திருப்பேன். அவர்கள் நம் வீட்டு வாசலில் நின்றபோது அம்மா கீழே கையைக் காட்டினாள். ஓடி வந்து பார்த்தபோது நீ லிஃப்ட் வாசலில் சரிந்து கிடந்தாய். அன்று மத்தியானமே ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஊர் வந்து சேர்வதற்குள் உன்னை அடக்கம் செய்து இரண்டு நாளாகியிருந்தது.

பாத்திமா அக்காவிடம் சண்டைக்குப் போனேன். ஏன் நடக்க விட்டீங்க என்று கேட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்?

“நான் விடுவேனா தம்பி? உக்காரும்மா, இப்ப வந்துருவாங்கன்னு கையைப் பிடிச்சேன். கேக்கலையே. மூச்சே விட முடியல, அப்பவும் சொல்றா, ‘பாவம் லா அவங்க, ஆளைத் தூக்கித் தூக்கி முதுகே போயிடுமாம், என் தம்பி எழுதியிருக்கான்’னு. சொல்லிக்கிட்டே இறங்கிட்டா.”

ஆமாம், எழுதியிருந்தேன். உன் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் என் கடிதங்கள் எல்லாம் இருந்தன, அதுவும் இருந்தது. பயிற்சிக்காக ஆம்புலன்ஸில் போன முதல் வாரத்தில் எழுதியது. “அக்கா, இந்த ஊர்ல ஒவ்வொரு ஆளும் ஒரு அரிசி மூட்டை. மூணு மாடி தூக்கி இறக்கிட்டு என் முதுகு உடைஞ்சே போச்சு. கொஞ்சம் நடந்து வந்தா என்னவாம் இவங்களுக்கு?” உன்னைச் சிரிக்க வைக்கத்தான் எழுதினேன். நீயும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாயாம். சிரித்ததோடு விட்டிருக்கக் கூடாதா?

மூச்சுத் திணறுபவரை ஓரடிகூட நடக்க விடக் கூடாது. இதை முதல் மாதமே சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். அதை உனக்கு ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. இழுப்புக்காரி அக்காவுக்கு எழுத என் முதுகுவலிதான் கிடைத்ததா? அப்படி என்ன கனம் நீ? நான் ஒருவனே உன்னை இரண்டு மாடி என்ன, இருபது மாடி இறக்கியிருப்பேனே.

இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருக்கிறது. வருகிறாயா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லி யுனிவர்சிட்டியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. முடித்து வந்தால் இங்கே வேலை உண்டா என்று, ஃபேரர் பார்க் பக்கம் இருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை பார்த்தவர். “டிகிரியா? இங்க வண்டியில நர்ஸ் போறாங்க தம்பி. உன் படிப்புக்கு இந்த ஊர்ல இன்னும் பேரே வைக்கல லா” என்று சிரித்தார். காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அம்மா இப்போதெல்லாம் ரேடியோ போடுவதில்லை. சமைத்து வைத்துவிட்டு உன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். அவளிடமும் கேட்டுப் பார்த்தேன். “போறதுன்னா போ, இருக்கறதுன்னா இரு. என்னைக் கேக்காதே” என்றாள். என் முதுகுவலிக் கடிதத்தில் இருந்தது அவளுக்கும் தெரியும் அல்லவா?

போகலாம் என்றுதான் இருக்கிறேன், ஆசையோடு அல்ல. இங்கே இருந்தால் தினமும் அந்த லிஃப்ட் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. இந்தப் படிப்பால் உயிரைப் பிடித்து வைக்கலாம் என்று நீ நம்பினாய். நானும் நம்பினேன். இப்போது அந்த நம்பிக்கை துளிகூட இல்லை அக்கா. யாருக்காகப் படித்தேனோ அவளே போய்விட்டாள்.

இதை நீ ஞாயிறுதோறும் படித்த பத்திரிகைக்கே அனுப்புகிறேன். லிஃப்ட் நிற்காத மாடிகளில், அடுத்தவர் முதுகை நினைத்துக்கொண்டு உன்னைப் போல இன்னும் எத்தனை பேர் இறங்குகிறார்களோ. அவர்கள் தயவுசெய்து உட்கார்ந்த இடத்திலேயே இருக்கட்டும். தூக்குவதற்குத்தான் நாங்கள் வருகிறோம்.

உனக்கு நான் தரும் வாக்கு இதுதான். மூச்சுத் திணறும் யாரிடமும் நடக்க முடியுமா என்று கேட்க மாட்டேன். எவ்வளவு கனம் என்றாலும் தூக்குவேன், முதுகு வலிக்கிறது என்று ஒரு வரி எழுத மாட்டேன். எழுதினாலும் யாருக்கு எழுத? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, வாசித்துக் காட்ட நீயும் இல்லை.

உன்னைத் தூக்க வேண்டிய நேரத்தில் பக்கத்தில் இல்லாத தம்பி,
சேவியர்