ரமாபாய்க்குக் கொடுத்த போன்

எண்ணூர்,
புதன்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

பன்னிரண்டாம் வகுப்பு ரமாபாய்க்குக் கணக்குப் பாடம் பார்க்க என் பழைய போனைக் கொடுத்தேன் அல்லவா? பத்து நாளாக அவள் பள்ளிக்கு வரவில்லை என்று நேற்று வீட்டுக்கே போனேன். கம்பெனிச் சீருடையில் நின்றாள்.

"மணலி கம்பெனில பேக்கிங் வேலை டீச்சர். உங்க போன்லதான் தேடிப் புடிச்சேன். ரொம்ப தேங்க்ஸ்!"

"பரீட்சை?"

"நைனா வேலைக்குப் போவ முடியாம வூட்ல கீறாரு. இனிமே இன்னா டீச்சர் பரீட்சை?" என்று சிரித்தாள்.

போனைத் திருப்பிக் கேட்காமல் வந்துவிட்டேன். நீங்கள் இதை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லி எள்ளுப்பொடி அனுப்புங்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிடவே பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூப்பிடுங்கள்.

மணி அடித்துவிட்டது. அடுத்தது பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு. போய் நடத்த வேண்டும்.

உங்கள் மகள்,
செண்பகம்