மூணாம்மாடியும் தூங்குமூஞ்சியும்

என் கண்ணு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நலம்தான், நலம் என்றால் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம் என்கிற அளவுக்கு. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர இங்கிருந்து நான் வேறென்ன செய்ய முடியும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெரிய இஸ்திரி உருளை பழுதாகிக் கிடக்கிறது, ஆள் வருகிறார், பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், போகிறார். படுக்கை விரிப்பு அத்தனையையும் கையால் தேய்க்கிறோம். இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டதால் அவர்கள் பங்கும் எங்கள் தலையில். வலது தோள் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க விடமாட்டேன் என்கிறது, தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே மருந்துக்கடை மாதிரி மணக்கிறது. அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இறங்கினால் ஏற முடியாது என்று இறங்குவதையே விட்டுவிட்டார். ஆயுள் முழுக்க ஊரார் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்த மனிதருக்கு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி வாய்த்திருக்கிறது, யாரிடம் போய்ச் சொல்ல.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் எழுத வந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நான் பாதி சொல்வதற்குள் நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். அதனால் முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அவர் நம் வீட்டில் விட்டுப்போன அந்த விளையாட்டுப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். அவர் என்றுதான் எழுதுகிறேன், மாப்பிள்ளை என்று எழுதினால் உனக்கு வலிக்கும், பேரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் பிரிந்து நீ அந்த ஊருக்குக் கிளம்பியபோது அதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாய். கேட்டால் கொடுக்கலாம் என்றார் அப்பா, யாரும் கேட்கவில்லை. கால் முடங்கி வீட்டோடு கிடக்க ஆரம்பித்ததும் அப்பா அதை எடுத்து டிவியில் மாட்டினார். உள்ளே இருப்பது சண்டை விளையாட்டு, ஒருவனை ஒருவன் குத்தி உதைத்துச் சாய்க்க வேண்டும். எங்கெங்கோ இருக்கிற விடலைப் பிள்ளைகள் வந்து கண் மூடித் திறப்பதற்குள் இவரைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். அந்த விளையாட்டிலேயே ஓரமாக இன்னொரு பகுதி இருக்கிறதாம். அதில் இரண்டு பேர் எதிரெதிராக நிற்பதில்லை, ஒரே பக்கம் நின்று, ஒரு கோபுரத்தில் தளம் தளமாக ஏறி, ஒவ்வொரு தளத்திலும் கும்பலாக வருகிறவர்களைச் சேர்ந்து அடிக்க வேண்டும். பெரிய போட்டிக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையாம். ஆனால் அதற்கென்றே உலகம் பூராவும் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது, எந்த ஜோடி சீக்கிரமாக உச்சிக்கு ஏறியது என்று இணையத்தில் வரிசை போட்டு வைக்கிறார்கள், முழு ஆட்டத்தையும் படமாக அனுப்பினால் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பெயர் ஏறும். இதெல்லாம் அப்பா சொல்லி எனக்குத் தெரியும், சலவைக்காரிக்கு இது போதும்.

உங்களோடு ஆடுகிற ஜோடி யார் என்று நானும் கேட்டேன். இணையத்தில் கிடைச்ச பிள்ளை என்றார், அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. நான் காலையில் கிளம்பும்போது காதில் அந்த ஹெட்போன் கருவியை மாட்டிக்கொண்டு உட்காருவார், சாயங்காலம் வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். எதையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒருநாள் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் நொண்டிக்கொண்டே வந்து கையைப் பிடித்து டிவி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கதான் முதல் இடம் என்றார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று. வரிசையின் உச்சியில் இரண்டு பெயர்கள் சேர்ந்தாற்போல் இருந்தன. ஒன்று மூணாம்மாடி, அது அப்பா. பக்கத்தில் தூங்குமூஞ்சி. கண்ணு, இந்த உலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டது நீ ஒருத்திதான். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சந்தோஷத்தில் மறைக்க வேண்டும் என்பதையே மறந்துபோயிருக்கிறார். நீ போன அடுத்த மழைக்காலத்தில் பெட்டி வேலை செய்கிறதா என்று உன் அப்பாவுக்கு அவர் ஒரு செய்தி அனுப்பினாராம், அப்படித்தான் ஆரம்பமாம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பெற்ற பெண் கண்காணாத இடத்தில் தனியாகப் பொங்கித் தின்கிறாள், நீங்கள் இங்கே அவரோடு கோபுரம் ஏறுகிறீர்களா என்று கேட்டேன். அவர் உன்னைப் பற்றிப் பேசுவதே இல்லை, நாங்கள் ஆட்டம்தான் ஆடுகிறோம் என்றார்.

நீ முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருந்து என்னோடு நாலு வார்த்தை பேசாதவர் அப்பாவோடு மட்டும் மணிக்கணக்காகப் பேசுகிறாரா என்று கேட்பாய். அதே கேள்விதான் எனக்கும், கூடவே என்னோடு பேசாத மனுஷன் அவரோடு என்ன பேசுகிறார் என்றும் இருந்தது. அதனால் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, காதுக் கருவி இல்லாமல் டிவியிலேயே சத்தம் வரும்படி வைக்கச் சொல்லி, அடுப்படியில் நின்று கேட்டேன். நான் கேட்பது அந்தப் பக்கம் இருக்கிற அவருக்குத் தெரியாது. மாமா வலது பக்கம், குனிங்க, நான் பிடிச்சிருக்கேன் அடிங்க என்பார் அவர். வரேன் வரேன் என்பார் அப்பா. அவ்வளவுதான். உடம்பு எப்படி என்றுகூட இல்லை. கேட்கக் கேட்க என் கோபம் எங்கேயோ போய்விட்டது. உனக்குக் கொடுக்காததை அப்பாவுக்கு அவர் கொடுத்துவிடவில்லை, அவரிடம் இருந்ததே அவ்வளவுதான். நீயும் நானும் ஊமைச்சாமிகளைக் கட்டிக்கொண்டோம். நீ கிளம்பிப் போனாய், நான் இருந்துவிட்டேன், இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆனாலும் உனக்குத் தெரியாமல் இது நடப்பது நன்றாக இல்லை, ஒன்று மகளிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் நிறுத்துங்கள் என்றேன். அப்பா நிறுத்திவிட்டார். உன்னிடம் சொல்வதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அப்புறம் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கீழே தண்ணீர் லாரி வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் வைத்ததில் பாதி அப்படியே திரும்பி வந்தது. ஒருநாள் டிவியைப் போட்டு அந்த வரிசையைப் பார்த்தார். யாரோ ஓர் அக்காவும் தங்கையும் இவர்களைவிடச் சீக்கிரம் ஏறி உச்சியைப் பிடித்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்தார், மாத்திரை எங்கே என்று கேட்டார்.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், சலவைக்கூடத்துப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு போன் வந்தது. அத்தை, நான்தான் என்றார். வாய் தவறிச் சொல்லுங்க மாப்பிள்ளை என்றுவிட்டேன். உள்ளே இயந்திரம் ஓடுகிறது, போனை வைத்துவிடட்டுமா என்று நானே கேட்ட பிறகுதான் பேசினார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எனக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு அத்தை. கூட வேலை செய்யறவங்க. வேற யாராவது சொல்லி உங்க பொண்ணுக்குத் தெரிய வேணாம், நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்லப் போனா ஏதாவது தப்பா வந்துடும்."

கண்ணு, இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம், கை வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, களைப்பாகத்தான் இருந்தது, ஒரு மூட்டையை இறக்கி வைத்தால் வருமே அந்த மாதிரி. நல்லா இருங்க என்றேன். மாமா சொல்லாமலே நிறுத்திட்டார், உடம்புக்கு முடியலையோ என்று பயந்துவிட்டேன் என்றார். ஒரே ஒரு முறை அப்பாவோடு ஆட அனுமதி கேட்டார். நான் யார் அனுமதி கொடுக்க, சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பொண்ணு நல்ல பொண்ணா என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் ஆடினார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். அந்த அக்கா தங்கையை முந்த வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் அப்பாவுக்குக் கை விட்டுப்போயிருந்தது, பாதி கோபுரம்கூட ஏறவில்லை, விழுந்துவிட்டார். சாதனைக்கு ஆடுகிறவர்கள் ஒருவர் விழுந்தால் அத்தோடு நிறுத்தி முதல் தளத்திலிருந்து ஆரம்பிப்பார்களாம், ஏனென்றால் விழுந்தவரை மற்றவர் ஓடி வந்து பக்கத்தில் நின்று தூக்க வேண்டும், அதில் போகிற நேரம் போனதுதான். முதல்ல இருந்து போவோம்பா என்றார் அப்பா. வேணாம் மாமா, ஏறிடுவோம் என்று சொல்லிவிட்டு, சுற்றி நாலு பேர் அடிக்க அடிக்க அவர் திரும்பி வந்து அப்பாவைத் தூக்கிவிட்டார். அடுத்த தளத்தில் அப்பா மறுபடி விழுந்தார், மறுபடி வந்து தூக்கினார். அதற்கு மேலும் விழுந்தார். என்னங்க இது, கால்தான் போச்சு என்று பார்த்தால் கையுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவர் சிரித்தது டிவியில் கேட்டது. அவருக்குச் சிரிக்க வரும் என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியுமா. கடைசியில் எப்படியோ உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆட்டம் முடிந்தும் இரண்டு பேரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அப்புறம் அப்பா பேசினார்.

"வீட்ல வாயத் தெறந்து பேசுப்பா. நானும் பேசாமயே காலத்த ஓட்டிட்டேன், உங்க அத்தை பொறுத்துக்கிட்டா. எல்லாரும் பொறுத்துக்க மாட்டாங்க."

சரி மாமா என்றார் அவர். நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அப்பா சொன்ன ஒரே நல்ல வார்த்தை, அதையும் இன்னொருவரிடம்தான் சொன்னார். உடனே மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே, அன்று சாயங்காலம் உப்பு கம்மி என்பதைத் தவிர அவர் வாயைத் திறக்கவில்லை.

இனி அவர்கள் ஆடுவார்களோ மாட்டார்களோ எனக்குத் தெரியாது. ஆடினால் நான் தடுக்க மாட்டேன். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பா நிறுத்திவிடுவார், சொல் என்றும் சொல்லாதே என்றும் உன்னிடம் கேட்கவில்லை, அது உன் மனசு. அழ வேண்டும் என்றிருந்தால் அழுதுவிடு, ஆனால் வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதே. அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன், இந்த வாரமாவது போ. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பாவிடம் நீயாகவே இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேள், அவராக எடுக்கமாட்டார், கேட்டால் பேச்சை நிறுத்தமாட்டார்.

உனக்கு ஒரு குறையும் வராமல், நினைத்தது கைகூடி, மனசு ஆறி நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் நினைத்துக்கொண்டே இருக்கிறோம். இதை எழுதும்போதே அவர் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டார். எல்லாத்தையும் எழுதிட்டியா என்றார். எழுதிவிட்டேன் என்றேன். கடைசி ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு மட்டும் எழுதிடாத, மானம் போயிடும் என்கிறார். எழுதவில்லை.

அன்புடன்,
உன் அம்மா