தூங்கவிடாதவன்

என் சிவா அண்ணாவுக்கு,

நீ பெரியப்பா ஆகிவிட்டாய். பெண் குழந்தை, ஐந்து மாதம் ஆகிறது. மூக்கு உன்னுடையது, கோபம் என்னுடையது என்கிறாள் மேகலா. உன்னைப் போட்டோவில் மட்டும் பார்த்த என் பெண்டாட்டி, மூக்கை எப்படிக் கண்டுபிடித்தாளோ! யாழினி என்று பெயர் வைத்திருக்கிறோம். நீ இருந்திருந்தால், "ஏன்டா, வாயில நுழையற மாதிரி ஒரு பேரு கெடைக்கலையா?" என்று கேட்டிருப்பாய்.

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன் என்றால் அது பொய். பதினான்கு வருஷமாகத் தொண்டையில் நிற்கும் ஒன்றை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் உறையில் போட்டு ஒட்டாமல் அச்சில் போடக் கொடுக்கிறேன். முதலில் பாப்பா கதையைக் கேள்.

இரண்டு மாதமாகப் பாப்பா ராத்திரியில் தூங்கவில்லை. ஒன்பது மணிக்குக் கண்ணை மூடுவாள், பத்துக்கு வீல் என்று கத்துவாள். தோளில் போட்டு நடந்து நடந்து மேகலாவுக்குக் கால் வீங்கிவிட்டது. வைத்தியம் சொல்லாத ஆள் இந்த ஊட்டிக் காந்தலில் பாக்கியில்லை. கண் பட்டிருக்கிறது என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டோம். பயந்திருக்கிறது என்றார்கள், கோயிலுக்குக் கோயில் ஏறி இறங்கினோம்.

பக்கத்து வீட்டு ஜெயாக்கா ஒரு நாள், "ஏனுங்க தம்பி, இந்தக் குளுருல சன்னலத் தொறந்து வெச்சா புள்ள எப்படித் தூங்கும்? நல்லாச் சாத்திப்போட்டு, ஒரு சட்டியில கரி மூட்டி உள்ள வைங்க. கதகதன்னு தூங்கிரும்" என்றார். குடி வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, அவருக்கு உன்னைப் பற்றித் தெரியாது. "அந்தச் சட்டியோட எங்க ஊட்டு வாசப்படி ஏறாதீங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். பாவம், அவர் முகம் சுண்டிப் போய்விட்டது.

போன வாரம், தள்ளிப்போயிருந்த தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸம்மா பாப்பாவை எடை போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போன மாசம் இருந்த எடையேதானுங்க இருக்குது. தூங்காத கொழந்த எப்படித் தேறும்? பால் குடிக்கறப்பவே அசந்து போயிரும்." பிறகு பொறுமையாகச் சொன்னார்: தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்க வைக்க வேண்டும், விளக்கை அணைத்துவிட வேண்டும், மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும், கம்பளி முகத்துக்கு ஏறக் கூடாது. "லேசாச் சிணுங்குனா ஓடிப் போய்த் தூக்காதீங்க. ரெண்டு நிமிசம் பாருங்க. அதுவாத் திரும்பித் தூங்கிக்கும்."

"சிணுங்கறதே இல்லைங்க சிஸ்டர்," என்றாள் மேகலா. "நல்லாத் தூங்கிட்டிருக்கறவ, ஆரோ கிள்ளுன மாதிரி திடீர்னு கத்தறா."

நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிப்பதுபோல் நின்றேன்.

யாரோ இல்லை அண்ணா. நான்தான்.

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் பாப்பா ஒரேயடியாக ஐந்து மணி நேரம் தூங்கினாள். மேகலாவுக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்கு அன்றைக்கு உன் முகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து, வீடு அடங்கியதும் நீ ஈரச் சட்டையோடு தொட்டிலின் கால்மாட்டில் வந்து உட்காருகிறாய். நான் எழுந்து போய்ப் பாப்பாவின் மூக்கடியில் விரலை வைப்பேன். விறைத்துப் போன விரலுக்கு மூச்சு படுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஸ்வெட்டருக்குள் நெஞ்சு ஏறி இறங்குவதும் தெரியாது. உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவேன். அவள் வீறிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். மணிக்கு ஒரு தரம், இரண்டு மாதம்! பெற்ற அப்பன் செய்கிற வேலையா இது?

பதினான்கு வருஷம் முன்பு, அன்றைக்குக் காலை ஆறரைக்கு நீ வந்தாய். ராத்திரி முழுக்கக் கேரட் கழுவும் மிஷினில் நின்று, மேட்டுப்பாளையம் லோடை ஏற்றிவிட்டு வந்திருந்தாய். விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இரும்புச் சட்டியில் கரியை மூட்டி உள்ளறைக்கு எடுத்துப் போனாய். ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்தாய். "டேய், பத்து மணிக்கு எழுப்பி உட்ரா. பதினோரு மணிக்கு லைசென்ஸ் டெஸ்ட்டு, மறந்துராத" என்றாய். அம்மா எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்தான், பதினாறு வயது.

மறக்கவில்லை அண்ணா. பத்து மணிக்குக் கதவைத் திறந்தேன். ஒருக்களித்துப் படுத்திருந்தாய். முகம் சிவந்து, இத்தனை அழகாக நீ தூங்கி நான் பார்த்ததேயில்லை. பாவம், விடிய விடிய நின்றவன், இன்னும் அரை மணி நேரம் தூங்கட்டும் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கேரம் ஆடப் போனேன். ஆட்ட மும்முரத்தில் மணி ஒன்றாகிவிட்டது.

மூடின அறைக்குள் கரிப்புகை ஆளைக் கொல்லும் என்று அன்றைக்கு வந்த டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, "நீ கதவத் தொறந்து பாக்கவே இல்லையா சாமி?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். இரண்டு வருஷம் முன்பு அவள் சாகும்வரை அதையே நம்பினாள்.

பத்து மணிக்கு உனக்கு உயிர் இருந்ததா அண்ணா? நான் தொட்டு உலுக்கியிருந்தால் திட்டிக்கொண்டே எழுந்திருப்பாயா? எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்கலாம். இதை உன்னிடம்தான் கேட்க முடியும்.

தடுப்பூசி போட்ட அன்று ராத்திரியே அகப்பட்டுக்கொண்டேன். பாதத்தைத் தொடப் போகும்போது மேகலா என் மணிக்கட்டைப் பிடித்தாள். தூங்குவதுபோல் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"மூச்சு இருக்குதான்னு..."

"இத்தன நாளும் நீங்கதானா? எம்புள்ளைக்கு என்னமோ ஏதோன்னு நான் கோயில் கோயிலா அலையறேன். நீங்களும் கூடவே வந்து கையைக் கட்டிட்டு நின்னு துண்ணூறு வாங்குனீங்களே! நீங்கெல்லாம் மனுசனா?"

வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே? முழுவதையும் வாங்கிக்கொண்டேன். பிறகு பத்து மணி, சாத்திய கதவு, அம்மாவிடம் சொன்ன பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் அண்ணா, நீ போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அவள் எழுந்து போய்த் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அவரு எந்திரிக்காததுக்கு இவள எதுக்குங்க எழுப்பறீங்க?" என்றாள் கடைசியில். "பாக்கோணும்னா பாருங்க. ஜன்னல் தொறந்துதான் இருக்குது. ஆனா தொடக் கூடாது."

உட்கார்ந்தேன். கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு மணிக்கு ஒரு சின்ன முனகல், பிறகு சத்தமில்லை. எழுந்துவிட்டேன், மேகலா முறைத்தாள், மறுபடியும் உட்கார்ந்தேன். மூன்று, நான்கு, ஐந்து. பாப்பாவை நான் கொன்றுகொண்டிருக்கிறேன் என்றே தோன்றியது. வேர்த்துவிட்டது அண்ணா, அந்தக் குளிரில்!

ஆறு மணிக்குப் பாப்பா காலை உதறினாள், கொட்டாவி விட்டாள், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். யாரும் எழுப்பவில்லை. தூங்கின ஒரு ஆள் தானாகவே எழுந்திருப்பதை நான் உட்கார்ந்து பார்த்தேன்.

ஜெயாக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டு உன் கதையைச் சொன்னேன். அவர் வீட்டுக் கரிச்சட்டி இப்போது வாசலோடு நிற்கிறது. பனிக்காலம் வருவதற்குள் இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் சொல்லிவிடுவேன்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ இன்னும் வருகிறாய். வா அண்ணா, உன்னைப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது. கால்மாட்டில் உட்கார்ந்து நீயும் பார். ஆனால் அவள் தூங்கட்டும். இன்றைக்கு ராத்திரி நான் அவளைத் தொட மாட்டேன், இது சத்தியம்.

உன் தம்பி,
உன் மகளுக்கு அப்பன்,
குமார்
காந்தல், ஊட்டி