மேற்படி

கும்மிடிப்பூண்டி,
18.2.2026, புதன்கிழமை,
மதியம் இரண்டரை மணி.

அன்புள்ள சசி நைனாவுக்கு,

தமிழ்செல்வி எழுதுவது. நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நாங்கள் மூவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், எழுந்து நடமாடுகிறோம். நீங்கள் அங்கே குஜராத்தில் வெல்டிங் புகையில் நின்று இருமலை வாங்கிக்கொள்ளாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் இரவு ஏழரை மணிக்குப் போனில் பேசுகிறவளுக்கு இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறோம். தனியாக எடுத்துப்போய்ப் பேசினால் நம் பையன் சசியைப் பார்க்க ஆளில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பலாமென்றால், கணக்கு வீடியோ பார்க்க அந்தப் போன் பாதி நாள் அவன் கையில்தான். கண்ணில் பட்டதையெல்லாம் தங்கைக்கு உரக்கப் படித்துக் காட்டுகிற பழக்கம் அவனுக்கு. அதனால்தான் தாள். மூன்று நாள் முன்புவரை எனக்கே தெரியாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். உட்கார்ந்து படியுங்கள். கோபம் வந்தால் என்மேல் மட்டும் வரட்டும்.

நம் நந்தினிக்குப் படிக்கத் தெரியாது.

தினமும் உங்களுக்குப் போனில் பாடம் வாசிக்கிறாளே, அது வாசிப்பு இல்லை. சசி காலையில் அவளுக்குப் படித்துக் காட்டுவதை இரண்டு தடவை கேட்டால் அவளுக்கு அப்படியே மனப்பாடம். எங்கே நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பவேண்டும் என்பதுகூட மனப்பாடம். நீங்களும், "பாப்பா படிக்கறத கேட்டா ஷிப்ட் அலுப்பே போய்டுது மே, இங்க ரூம்ல எல்லாரும் கேட்டுக்கினு இருக்காங்க" என்பீர்கள். நானும் பூரித்துப்போய் நிற்பேன். திங்களும் செவ்வாயும் அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேனே, அது பொய். என் பொய்.

திங்கட்கிழமை விடியற்காலை சசிக்கு மறுபடி வலிப்பு வந்தது. பயப்படாதீர்கள், இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன், மாத்திரையைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். அன்று காலை முழுக்க அவன் தூங்கினான். பாடம் தள்ளிப்போகக் கூடாதே என்று, புதுப் பாடத்தை நீயே எடுத்துப் படி என்று நந்தினியிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவள் அண்ணன் எழுந்திரிக்கட்டும் என்றாள். நான் அதட்டினேன். உடனே கணீரென்று ஆரம்பித்தாள். குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டால், போன வாரப் பாடம், அந்தக் கொக்கும் நண்டும் கதை. பழைய பக்கத்தை எடுத்துவிட்டாள் போல என்று வந்து பார்த்தேன். புத்தகத்தில் ஒரு தபால்காரர் படம், சைக்கிள் படம். அவள் விரல் ஒவ்வொரு வரியின் கீழும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. வாய் கொக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சிலேட்டில் 'பால்' என்று எழுதிக் காட்டினேன். அவள் சிலேட்டைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். நான் உதட்டை அசைக்காமல் நின்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். படிக்கப் பழகட்டும் என்று சமையலறை டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன் அல்லவா, அதில் இரண்டு சீட்டை உரித்து மாற்றி ஒட்டினேன். சர்க்கரை என்று எழுதிய டப்பாவை எடுத்து, உப்பு என்றாள். எழுத்துகளைத் தனித்தனியாகக் கேட்டால் பாதி சொல்கிறாள். கொம்பும் காலும் சேர்ந்தால் முழிக்கிறாள். கூட்டிப் படிக்கத் தெரியவே தெரியாது.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல. நீ அவன பாத்துக்கினு இருக்க. கேட்டா இரு இரு இன்ற. அதான் நானே காதால படிச்சிக்கினேன்." ஏழரை வயதுப் பிள்ளை.

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோடு போட்டு எழுதுவேனே, அந்த நீள நோட்டு. ஒரு பத்தி நேரத்துக்கு, ஒரு பத்தி சசிக்கு, ஒரு பத்தி நந்தினிக்கு. சசி பத்தியில் எழுத இடமில்லாத அளவுக்கு இருக்கிறது: மாத்திரைக்கு முன்னால் கணக்கு, மயக்கம் தெளிந்தபின் தமிழ், வலிப்பு வந்த மறுநாள் படம் வரைதல் மட்டும். பக்கத்துப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி'. எழுபது வாரம் மேற்படி. ஒவ்வொன்றுக்கும் டிக் வேறு போட்டிருக்கிறேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அதனால் அவளும் படித்தாள் என்று டிக்.

கல்யாணத்துக்கு முன் சிப்காட்டில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தபோது இதே வேலையைச் செய்துதான் திட்டு வாங்கினேன். ஷிப்ட் ரிப்போர்ட்டில் வரிசையாக மேற்படி போட்டு வைத்ததைப் பார்த்து சூப்பர்வைசர் ஹெலன் மேடம் தாளை மேசையில் வீசினார். "டப்பாவ பாத்து எழுதினியா, மேல் வரிய பாத்து எழுதினியா?" என்றார். அட்டைப்பெட்டிக்கு அன்று அவ்வளவு அழுதேன். பெற்ற பிள்ளைக்கும் அதையே செய்திருக்கிறேன்.

உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். சசியை வைத்துக்கொள்ள முடியாது, பொறுப்பு எடுக்க மாட்டோம் என்று அந்தப் பள்ளியில் சொன்னபோது, நந்தினியையாவது கடம்பத்தூரில் உங்கள் அக்கா வீட்டில் விட்டு அங்கே சேர்க்கலாம் என்றீர்கள். இவனைத் தனியே விட்டுவிட்டு அவளைக் கொண்டுவிடவும் கூட்டிவரவும் யாரால் முடியும் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான்தான் பிள்ளையைப் பிரிக்க மாட்டேன், இரண்டு பேருக்கும் நானே வீட்டில் சொல்லித்தருகிறேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து சாதித்தேன். ஒன்றாம் வகுப்பில் பாதியில் அவளை நிறுத்தினேன். சாதித்தது இதுதான்.

இப்போது மார்ச் பதினான்கு வருகிறது. உங்கள் நண்பர் அன்புசெல்வன் பாவம், நல்ல எண்ணத்தில்தான் இங்கே வேறொரு பள்ளியில் அவளுக்கு ஒரு சீட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். பாப்பா பேப்பரே படிக்கிறாள் என்று நீங்கள் சொன்னதை அவர் அங்கே சொல்லி, மூன்றாம் வகுப்புக்கே பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அன்று ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்களாம். அந்த டீச்சர் வாயைப் பார்த்துக்கொண்டு இவள் நிற்பாள். தனக்குத் தெரிந்த கொக்குக் கதையைக் கணீரென்று ஆரம்பித்துவிடுவாள். அவர்கள் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அவள் புத்தகத்தைத் தொடமாட்டாள்.

சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். திங்களிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தைத்தான் தேடுகிறேன். நாலு தாளில் டைம்டேபிள் போட்டுக் கிழித்தேன். சசி விழித்திருக்கும்போது முடியாது. அவள் எழுத்தைப் பார்ப்பதற்குள் அவன் சொல்லிவிடுகிறான், அவள் காதில் பிடித்துக்கொள்கிறாள். அவன் தூங்கும்போதும் முடியாது. தூக்கத்தில்தானே வலிப்பு வருகிறது, பக்கத்திலேயே இருக்கவேண்டும். இங்கே உரக்கக் கூட்டிப் படித்தால் எழுந்துவிடுவான், தூக்கம் கெட்டால் வலிப்பு. பக்கத்து வீட்டு ஞானம்மா அக்கா நல்ல மனுஷிதான், ஆனால் அன்று ஒருநாள் இவனுக்கு வலிப்பு வந்ததைப் பார்த்ததும் இவன் கையில் சாவியைத் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடியவர். அவரை நம்பி விட முடியாது. இந்த மதிய நேரத்தில் சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலை உங்களுக்கு எழுதுவது ஒன்றுதான்.

எதிரில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவள் இப்போது எழுந்து வந்து என் தோளில் சாய்ந்து பார்க்கிறாள். தன் பெயர் மட்டும் அவளுக்கு அடையாளம் தெரிகிறது. தாள்களைப் புரட்டி விரல் வைத்து எண்ணிவிட்டு, "எம் பேரு இதுல நாலு வாட்டி கீது. நான் இன்னாமா பண்ணேன்? நைனாகிட்ட கெட்டதா எழுதறியா?" என்று காதோரம் கேட்கிறாள். நல்லதாகத்தான் எழுதுகிறேன் என்றேன். நம்பிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். இனி அவள் பெயரை எழுதவில்லை. சின்னவள் என்று எழுதுகிறேன். கையால் மறைக்காமல் பிள்ளையைப் பற்றிப் பிள்ளை கண்ணெதிரே எழுத முடிகிறதே, இந்தக் கொடுமையை நான் யாரிடம் சொல்ல.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் வீட்டில் யாருக்கும் எழுதிவைக்காத நேரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, நீங்கள் கூப்பிடும் ஏழரை மணி. அதை எனக்குக் கொடுங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு சசியோடு மட்டும் பேசுங்கள். கணக்குக் கேளுங்கள், கிரேன் எப்படித் தூக்குகிறது என்று காட்டுங்கள், எதையாவது பேசி அவனைக் கண்ணுக்கெதிரே வைத்திருங்கள். அவன் பார்வை ஒரு மாதிரி போனால் போனிலேயே கத்துங்கள், நான் ஓடிவந்துவிடுவேன். அந்த அரைமணி நேரம் சின்னவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, 'பால்' என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நோட்டில் அவளுக்குத் தனியாகப் பத்தி போட்டுவிட்டேன். முதல் வரியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

அவள் குரலைக் கேட்டால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும் என்று தெரியும். அதைத்தான் கேட்கிறேன். சில மாதம் அவள் உங்களுக்கு வாசிக்கமாட்டாள். ஏன் என்று அவளிடம் கேட்காதீர்கள். அன்புசெல்வனிடம் சொல்லி அந்தத் தேதியைத் தள்ளிப்போடுங்கள். மூன்றாம் வகுப்பு வேண்டாம், ஜூனில் அவர்கள் எந்த வகுப்பில் சேர்த்தாலும் சரி. மே மாதம் நீங்கள் வந்துவிடுவீர்கள், அவளைக் கொண்டுவிட ஆள் இருக்கும்.

கடம்பத்தூர் பேச்சை மறுபடி எடுக்காதீர்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. அதனால் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களை நம்பித்தான் மூன்று உயிர் இங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள்
தமிழ்செல்வி

பின்குறிப்பு: ஞானம்மா அக்கா இன்றே ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடுவார். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். சட்டைப்பையிலோ பெட்டியிலோ வைத்து மே மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அதற்குள் அவளுக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்.