ஓடையின் இரண்டு கரைக்கும் ஒரே நோட்டீஸ்

அக்கா,

இன்று காலை ரயில் குடியாத்தத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அந்த வாடை ஜன்னல் வழியாக ஏறி வந்தது. சுண்ணாம்பும் ஊறின தோலும் அழுகின முட்டையும் சேர்ந்த வாடை. ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த கல்லூரிப் பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு ஷட்டரை இறக்கச் சொன்னார்கள். இறக்கிவிட்டு அழுதேன். வாடை தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நீ இருந்திருந்தால் அவளுடைய ஊர், படிப்பு, வரப்போகும் மாமியார் வரைக்கும் விசாரித்து முடித்திருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவே இல்லை.

எழுபதுகளில் காட்பாடியிலிருந்து நாம் தினமும் போய்வந்த அதே பாசஞ்சர்தான் இது. நீ நகராட்சியில் லைசென்ஸ் கிளார்க். நான் பக்கத்துப் பஞ்சாயத்து யூனியனில் அதே வேலை. சட்டம் 'ஆபத்தான, அருவருப்பான தொழில்கள்' என்று பெயர் வைத்த எல்லாவற்றுக்கும் நாம்தான் காகிதம் எழுதினோம். அது போதாதென்று அமிலப் பீப்பாய்க்குத் தீயணைப்பு நிலையம் தனியாக ஒரு சீட்டு, ஆற்றில் விடும் தண்ணீருக்குப் பொதுப்பணித் துறை தனியாக ஒரு சீட்டு. ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஓடைக்குக் கிழக்கே உன் ராஜ்யம், மேற்கே என் ராஜ்யம். நடுவில் ஓடையை ஒட்டிக் காலனிக் கிணறு. அது யார் ராஜ்யம் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது நான் பேச்சை எடுத்தேன். "இன்னைக்கு ஒரு அம்மா சொம்புல தண்ணி எடுத்தாந்து மேஜை மேல வெச்சிடிச்சிக்கா. மோந்து பாருங்கன்னு ஒரே சத்தம்."

"கன்னியம்மாவா? காலனில இருந்து வந்தாங்களா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"காலைல எங்ககிட்டதான் மொதல்ல வந்தாங்க. அது யூனியன் லிமிட்டுன்னு எங்க ஆபீசர் அனுப்பிட்டாரு."

"எங்க சூப்பரண்டு நகராட்சி லிமிட்டுன்னு திருப்பி அனுப்பிட்டாரே!"

அப்போதுதான் நாம் இருவரும் எழுதிய நோட்டீசுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். இரண்டுமே, ஓடையின் இரண்டு கரையிலும் நிலம் வைத்திருந்த, தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் கழிவுக் குவியலைப் பற்றியவை. சுண்ணாம்புக் குழியில் வாரியதும் குரோம் சேறும் கலந்து மலைபோலக் கிடந்தது. நீ அனுப்பிய நோட்டீசில் 'நகராட்சி எல்லைக்கு அப்பால் அகற்றவும்' என்று இருக்கும். உடனே மாட்டுவண்டிகள் அதை ஓடையைக் கடந்து மேற்கே கொண்டுவந்து கொட்டும். பிறகு நான் 'ஊராட்சி எல்லைக்கு அப்பால் அகற்றவும்' என்று எழுதுவேன். வண்டிகள் மறுபடி கிழக்கே போகும். வருஷம் முழுக்க ஒரே குவியலைத்தான் நாம் விரட்டிக்கொண்டிருந்தோம். வண்டி ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் சேறு ஓடையில் வழிந்து காலனிக் கிணற்றில் ஊறியது. அந்தத் தண்ணீரைத்தான் கன்னியம்மா சொம்பில் எடுத்துவந்திருந்தாள். சட்டப்படி பார்த்தால் நம் இருவர் வேலையிலும் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

நீ முதலில் விழுந்து விழுந்து சிரித்தாய். மறுநாள் வண்டியில் ஏறியதும் பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்தாய். "நம்ம ஆபீசருங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பேச மாட்டாங்கடி. நாமதான் தினமும் ஒண்ணா உக்கார்றமே, நாம எழுதுவோம்" என்றாய்.

மடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்து எழுதினோம். 'அப்பால்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டோம். கழிவை எங்கேயும் கொண்டுபோகக் கூடாது, தங்கள் வளாகத்துக்குள்ளேயே சிமெண்டுத் தொட்டி கட்டி அதில் சேர்க்க வேண்டும், இரண்டு அலுவலகமும் சேர்ந்து வந்து பார்வையிடும் என்று எழுதினோம். உன் ஆபீசர் உன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். என் ஆபீசர் என் காகிதத்தில் போட்டார். வழக்கமான நோட்டீஸ்தானே என்று இருவருமே படிக்கவில்லை.

ஒரே நாளில் ஒரே வாசகத்தோடு இரண்டும் போய்ச் சேர்ந்ததும் ஷாப் மேனேஜர் பதறிக்கொண்டு வந்தார். "இத்தினி நாளா ரெண்டு ஆபீசுக்கும் கீழ்ப்படிஞ்சிதானே நடந்தோம்? இப்ப ரெண்டு பேரும் சேந்துக்கினா நாங்க இன்னா பண்றது? பெரிய பேஜாரா போச்சே!" என்று என் மேஜை முன்னால் நின்று புலம்பினார்.

விசாரணை வந்தது. "ரயில்ல பேசிக்கிட்டோம் சார். பேசக் கூடாதுன்னு ரூல் ஒண்ணும் இல்லயே" என்று நீ சொன்னாயாம். நானும் சேர்ந்துதான் எழுதினேன் என்று எழுத்திலேயே கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ. சர்வீசில் மூத்தவள் என்று உன்னை அரக்கோணத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். ஆனால் நோட்டீசை வாபஸ் வாங்க முடியவில்லை. வாங்க வேண்டுமானால் ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீசுக்கு முதலில் கடிதம் எழுத வேண்டும். யார் முதலில் எழுதுவது என்ற கௌரவத்திலேயே அது நின்றுபோனது. தொட்டி எழும்பியது.

அதன்பிறகு காலையில் காட்பாடி ஸ்டேஷனில் நீ ஒரு பிளாட்பாரம், நான் எதிர் பிளாட்பாரம். "கிணறு எப்படிடி?" என்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாய். "அந்தத் தண்ணிலதான் சோறு வடிக்கிறாங்கக்கா!" என்று நானும் கத்துவேன். என் வண்டி முதலில் வந்து நம்மை மறைத்துவிடும். பெண்கள் பெட்டியில் எத்தனையோ பேர் இருந்தும் அந்தப் பயணம் எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான்.

எண்பதுகளில் ஷாப்புகள் பெருகின. ஆபத்தான சரக்குக்கும் கழிவுக்கும் இனி எல்லா அனுமதியும் ஒரே இடத்தில் என்று வேலூரில் புது ஆபீஸ் திறந்து என்னையும் அங்கே அனுப்பினார்கள். நாம் பாத்திரத்தின்மேல் எழுதியதைச் சர்க்காரே எழுதிவிட்டது என்று சொல்லத்தான் நீ நோயில் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். நீ பாதியாக இளைத்திருந்தாய். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கிணற்றைத்தான் விசாரித்தாய்.

"மூடிட்டாங்கக்கா. கெடுத்தது நம்ம ஷாப் இல்ல. மேல்பக்கம் புதுசா வந்ததுங்க. எல்லாம் வேற வேற லிமிட்டு. இப்ப லாரித் தண்ணிதான்."

"கன்னியம்மா இனிமே யார்கிட்ட போவாங்க?" என்றாய்.

"வேலூருக்குத்தான் வரணும். எங்ககிட்ட."

"வந்தா உங்களால வேற ஆபீசுக்கு அனுப்ப முடியாது இல்ல? அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டாய்.

கன்னியம்மா வந்தாள் அக்கா. இரண்டு பஸ் மாறி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "எல்லாம் இங்கதான்னாங்க. இதுக்கு மேல எங்கயும் போவ வேணாமாம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். காலனிக்குக் குழாய் வரும் வரைக்கும், வருஷக்கணக்காக, வந்துகொண்டே இருந்தாள். சொல்ல நல்ல பதில் இல்லாத நாளிலும் உட்காரவைத்துப் பேசி அனுப்பினேன். ரிடையர் ஆகிவிட்டேன். இன்றும் தெருவில் யாராவது ஒரு காகிதத்தோடு வந்து நின்றால், அது எங்களைச் சேர்ந்ததில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அப்படிச் சொல்லும் வழக்கத்தை நீதான் என்னிடமிருந்து எடுத்துப் போனாய்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். எல்லோரும் வந்து முறையிடும் கடைசி இடமாக உட்கார்ந்திருப்பது பெரிய தனிமை, அக்கா. அவர்கள் என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அதைக் கொண்டுபோய்ச் சாயங்கால வண்டியில் சொல்ல எனக்கு இருந்தது நீ ஒருத்திதான்.