ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்ற படம்

தூங்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டே சாதிக்கும் என் அன்பானவருக்கு,

டி.வி.யைப் போட்டதும், "யார் பார்க்கிறீர்கள்?" என்று அது கேட்கிறது. கீழே உங்கள் பெயர், பக்கத்தில் என் பெயர், கடைசியில் நம் மகள் பெயர். ஏழு மாதமாக உங்கள் பெயரைத் தாண்டித்தான் என் பெயருக்கு வருகிறேன்.

போன மாதம் புனேயிலிருந்து நம் மகள் ஆனந்தி போனில் கேட்டாள்: "அம்மா, அப்பா பேரை எடுத்திரட்டுமா? பாக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கு."

"வேணும்னா ஒன் பேரை எடு. அவுக பேரைத் தொடாத" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சில நாள் உங்கள் பெயரைத் திறந்து சும்மா பார்த்துவிட்டு மூடுவேன். உள்ளே இருந்தது ஒரே ஒரு படம்தான். அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். அதன் அடியில் ஒரு சிவப்புக் கோடு பாதி வழி வந்து நின்றது. ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். சாய்வு நாற்காலியில் நீங்கள் கண்ணயர்ந்த இடம்.

அம்பாசமுத்திரத்தில் மேட்னி பார்த்த நாளிலிருந்தே நீங்கள் இப்படித்தான். இடைவேளையில் முறுக்கு தின்றதும் தலை சாயும். "தூங்கிட்டீங்களா?" என்று கிசுகிசுப்பேன். "இல்லட்டி, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பீர்கள், கண்ணைத் திறக்காமல். மறுநாள் காலைக் காப்பியோடு விசாரணை தொடங்கும்.

"சொல்லு கான்வென்ட்டுக்காரி, பெறவு என்னாச்சு?"

கன்னியாஸ்திரிகளிடம் பாடம் ஒப்பித்து வளர்ந்தவள் நான். ஒரு காட்சி விடாமல், வரிசை மாறாமல் சொல்வேன். நடுவில் நீங்கள், "தங்கச்சிக்காரி என்ன கலர் சேல கெட்டியிருந்தா?" என்பீர்கள். "அது கதைக்கு வேண்டாம்." "எனக்கு வேணும்லா!"

வீட்டுக்கு டி.வி. வந்த பிறகும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமைப் படம் போனால் போனதுதான். விட்டதை என்னிடம்தான் கேட்க வேண்டும். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு ஆனந்தி இந்தப் புது டி.வி.யை மாட்டி, உங்களுக்குச் சொல்லியும் கொடுத்தாள். "இனிமே ஒன்னயத் தொந்தரவு பண்ண மாட்டேம்ட்டி. நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கிடுவேன்" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு அது தெரிந்ததா?

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீங்கள் தூங்கியதும், படத்தை நிறுத்திவிட்டு நான் எழுந்துவிட்டேன். எந்தப் படத்தையும் முடிவுவரை பார்க்காமல் எழுந்ததே இல்லை நான். அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கேட்டீர்கள்: "பெறவு என்னாச்சு?"

எனக்கே தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அது அங்கனயேதான் நிக்கு. எங்கயும் ஓடிராது. நீங்களே போட்டுப் பாருங்க" என்றேன். நீங்கள் காப்பியை ஊதிக் குடித்தீர்கள். வியாழக்கிழமை குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், எழவே இல்லை.

ஓடிராது என்றேனே. போன வாரம் அந்தப் படத்தின் மேல் ஒரு வரி வந்தது: வெள்ளிக்கிழமை வரை மட்டுமே காணலாம்.

சமையலுக்கு வரும் பேச்சிதான் முதலில் கவனித்தாள். "பாத்து முடிச்சிருங்க ஆச்சி. அய்யா அங்கனயே காத்துக் கெடக்க மாதிரி இருக்கு."

"பாத்தா அந்தக் கோடு போயிருமே பேச்சி."

"பாக்காட்டாலும் போயிருமுல்லா?"



இந்த வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, உங்கள் பெயருக்குள் போய் முதல் தடவையாக அந்தப் படத்தை அழுத்தினேன். நீங்கள் விட்ட இடத்திலிருந்தே படம் ஓடியது. ரயில் நிலையம். ஆண்கள் பிடிக்கும் பெரிய குடையோடு கதாநாயகி தனியாக நிற்கிறாள். பேச்சி வாசலோரம் உட்கார்ந்துகொண்டாள். நடுவில் நிறுத்திவிட்டுக் காப்பி கலந்துகொண்டு திரும்பினால், திரையில் எழுத்து: "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?"

டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக நான் கேட்ட கேள்வி அது. என்னையறியாமல் சாய்வு நாற்காலியைப் பார்த்தேன். அதற்கான பதிலை என் காது எவ்வளவு நேரம் எதிர்பார்த்தது என்று தெரியவில்லை.

"என்ன ஆச்சி, யார்ட்ட என்ன கேக்கு?" என்றாள் பேச்சி.

"அய்யாட்ட கேக்கு" என்றேன். பிறகு நானே 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

கடைசி எழுத்து மறையும்வரை உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை காலையில் பார்த்தபோது உங்கள் பெயருக்குள் ஒன்றுமே இல்லை. படம் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

நான் இருக்கிறவரை உங்கள் பெயரை யாரும் எடுக்கப் போவதில்லை. இனி பாதியில் எழுந்து போக மாட்டேன். நீங்களே பாருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். காப்பி ஆறுவதற்குள் கேளுங்கள்.

குடை அவளுடைய அப்பாவுடையது. சேலை என்ன நிறம் என்று கேட்காதீர்கள், கறுப்பு வெள்ளைப் படம். ரயில் வருகிறது, அவள் ஏறவில்லை. கடைசிப் பெட்டியும் போன பிறகு, எதிர் பிளாட்பாரத்தில் ஒருவர்...

தூங்கிட்டீங்களா?

இப்படிக்கு,
மீதிக் கதையோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவி,
கான்வென்ட்டுக்காரி